சைக்கிளில் பெட்ரோல் இயந்திரம் பொருத்தலாமா?

காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். சாதாரண சைக்கிள், நடுவில் குட்டி இயந்திரம். கொஞ்சம் மிதித்ததும் 'டபடப'வென்று கிளம்பிவிடும். "அட, நாமும் ஒன்னு செஞ்சு பார்க்கலாமே!" என்று தோன்றியதா?

யோசனை புதிதல்ல. 1946இல் ஜப்பானின் ஹமாமட்ஸு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டா அதைத்தான் செய்தார். ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இயந்திரங்களை வாங்கி, சைக்கிளில் பொருத்தி விற்றார். ஹோண்டா நிறுவனத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

எப்படி ஓடுகிறது?

பெரும்பாலும் 'டூ-ஸ்ட்ரோக்' இயந்திரம்தான். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். (80 சிசி என்று விற்கப்படும் பலவற்றின் உண்மையான அளவு 66 சிசிதான்!) கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். வேகம் வந்ததும் விட்டால், சக்கரம் சுழலும் வேகத்திலேயே இயந்திரம் உயிர் பெறும். பிறகு இடப்பக்கம் உள்ள இன்னொரு சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும்.

பொருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சங்கிலிக்கான பல்சக்கரத்தைப் பல நேரம் பின்சக்கரக் கம்பிகளோடு சேர்த்துத்தான் முடுக்குகிறார்கள். மெல்லிய கம்பிகள்! மனிதன் மிதிக்கும் விசைக்காகச் செய்தவை. பல்சக்கரம் சற்றே கோணலாக இருந்தாலும் சங்கிலி கழன்றுவிடலாம். கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

அடுத்தது பிரேக். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40ஆகக் கூடினால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நம்மூர் மழையில் சக்கர விளிம்பு நனைந்திருந்தால் பிரேக் பிடிக்க இன்னும் நேரமாகும். இயந்திரத்தின் அதிர்வில் திருகாணிகள் தளர்வது வேறு.

சிங்கப்பூரில் ஓட்டலாமா?

கூடாது. இங்கு விசையுடன் ஓடும் சைக்கிள் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மின்சைக்கிள் மட்டும்தான். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் அது உதவ வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். எடை 20 கிலோகிராமுக்குள். பதிவு எண் தேவை. ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

பெட்ரோல் இயந்திரம் இதில் எங்கும் பொருந்தாது. "பார்க் கனெக்டரில் மட்டும் ஓட்டுறேனே?" அங்கும் முடியாது. பதிவு இல்லாத வண்டிக்குக் காப்புறுதியும் கிடையாது. நடந்துபோகும் ஒரு தாத்தாமீது மோதிவிட்டால், அவருடைய மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு?

மின்சைக்கிளே போதும் என்று முடிவெடுத்து, பழையது ஒன்றை வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்குமுன் ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது மோட்டாரையோ மின்கலனையோ மாற்றியிருந்தால், முத்திரை இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.