உப்பளக் கிராமங்களில் ஒரு நாள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், ஏறக்குறைய 120 கிலோமீட்டர் கடந்ததும் மரக்காணத்தை அடைவர். அங்கே வானத்தைப் பிரதிபலிக்கும் நீர்ப் பாத்திகளும், அவற்றின் கரைகளில் வெண்மையான உப்புக் குவியல்களும் கண்ணுக்கெட்டியவரை காணப்படும். மோட்டாரில் வருவோர் சிலர் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்கள் ஊரைப் பார்த்தவர்களும் அல்லர். அவர்கள் வந்து சென்றதால் ஊருக்குக் காலணாப் பிரயோஜனமும் இல்லை. அதே குடும்பத்தார் ஒரு நாளை முழுதாக ஒதுக்கி, அவ்வூரார் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு சுற்றிப் பார்ப்பாராயின், இரு திறத்தாருக்கும் நன்மை உண்டாகும். அத்தகைய பிரயாணத்தை அமைக்கும் முறை கீழே விளக்கப்படுகிறது.

அயல் நாட்டு அனுபவம்

இங்கிலாந்து தேசத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் என்னும் பிரதேசத்துக் கிராமங்களைக் காண, லண்டன் நகரத்திலிருந்து குடும்பங்கள் பஸ்களில் காலையில் சென்று மாலையில் திரும்புவது நெடுநாளைய வழக்கம். அங்கே பைபரி என்னும் சிற்றூரில் கல்லாற் கட்டிய ஒரு வரிசை வீடுகள் உலகப் பிரசித்தி பெற்றவை. அக்கட்டிடம் 1380-ஆம் ஆண்டளவில் ஆட்டுரோமக் கிடங்காகக் கட்டப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. இன்று அங்கே தறி ஓசை இல்லை. தொழில் போய், அதன் வடிவம் மாத்திரம் காட்சிப் பொருளாக எஞ்சியிருக்கிறது. வருவோர் தொகை மிகுந்து நெருக்கடி உண்டானபடியால், 2025-இல் பெரிய பஸ்கள் ஊர் நடுவே நிற்பதைப் பரீட்சார்த்தமாகத் தடுக்கவும் நேரிட்டது.

இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. அழகிய கிராமம் என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் உழைப்பாளிகளின் தொழிற்களமே என்பது ஒன்று. வருவோரை ஒழுங்குபடுத்தாவிடில் அவர்கள் ஊருக்குப் பாரமாவர் என்பது மற்றொன்று. மரக்காணத்தில் தொழில் இன்னும் உயிருடன் நடைபெறுகிறது. ஆதலால் அங்கே காண வேண்டியது காட்சியை மட்டும் அன்று. அதை உண்டாக்கும் வேலையையே ஆகும்.

காலை: உப்பளம்

உப்பளத்தில் வேலை விடியுமுன்னரே தொடங்கிவிடும். வெயில் ஏறியபின் பாத்திகளின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே சென்னையிலிருந்து வருவோர் அதிகாலையிற் புறப்பட்டு, ஏழு மணிக்குள் உப்பளத்தை அடைதல் நலம். பெப்ரவரி முதல் ஜூலை வரை ஏற்ற காலமாகும்.

கடல்நீர் உப்பாக மாறும் விதத்தை வழிகாட்டி பாத்தி பாத்தியாகக் காட்டலாம். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் சோற்றுப்பு சுமார் 27 கிலோ. எனவே வீட்டிற்கு வாங்கும் ஒரு கிலோ உப்புக்காக, இரண்டு மூன்று குடம் கடல்நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றியாக வேண்டும். உவர்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துவர். பின்பு ஒன்றன்பின் ஒன்றாக ஆழம் குறைந்த பாத்திகளுக்கு மாற்றுவர். செறிவை அளக்கும் மானியில் கடல்நீர் 3 டிகிரியளவு காட்டும். நீர் வற்ற வற்றச் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலிற் படிந்துவிடும். ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் உப்பு விளையத் தொடங்கும். 29 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு ஏறும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடுதல் வேண்டும்.

இக்கணக்கு எளிதாகத் தோன்றினும் உழைப்பு எளிதன்று. பருவத் தொடக்கத்தில் பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். விளைந்த உப்பை நீண்ட காம்புள்ள மரப்பலகையால் வாரி ஒதுக்கி, நீர் வடியவிட்டுக் கரையேற்ற வேண்டும். உவர்நீரில் நெடுநேரம் நிற்பதால் பாதத்தில் வெடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. ஒளி பட்டுப் பட்டுக் கண் கெடுகிறது. திடீரென ஒரு கோடைமழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும். குழந்தைகள் இவற்றை நேரிற் கண்டால், உணவு மேஜையில் உப்பைச் சிந்தும்போது ஒரு கணம் யோசிப்பர்.

நண்பகல்: பழைய துறைமுகம்

மரக்காணம் மிகப் பழைய பட்டினம். சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினமும், கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் முதல் நூற்றாண்டுக் கடற்பிரயாண நூல் குறிப்பிடும் சோபட்மாவும் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். வெயில் கடுமையான வேளையில் இக்கற்றளியின் நிழல் குடும்பத்தாருக்கு நல்ல ஓய்விடமாகும். மதிய போஜனத்தை ஊரிலேயே உண்ணுதல் தகும்.

பின்னர்ப் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்க்கலாம். ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் இந்நீர்வழி மரக்காணத்தருகே முடிகிறது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக இதன் பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. அக்காலத்துச் சென்னை கவர்னராயிருந்த பிரபுவின் பெயர் இதற்கு இடப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதன் வழியே சென்னைக்குச் சென்றன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நலிந்தது.

மாலை: கழுவேலியும் ஆலம்பரையும்

உப்பளத்தை அடுத்துள்ளது கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் ஏரி. சுற்றுப்புறத்து ஏரிகளின் உபரி நீரும் கழிமுகத்தின் வழியே ஏறும் கடல்நீரும் இதிற் கலக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரை, கூழைக்கடா, உள்ளான் முதலியவை இங்கே இரை தேடுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். திரும்பும் வழியில் கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள. 1750-இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்த அக்கோட்டையை, 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். சூரியன் சாயும் வேளையில் கழிமுகத்தை நோக்கி அங்கே நிற்பதோடு பிரயாணத்தை முடித்துக்கொள்ளலாம்.

வழிகாட்டியும் வருமானமும்

இனி, இதனால் ஊருக்கு யாது பயன் என்பதைக் கருதுவோர் ஒரு விஷயத்தைக் கவனித்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளம் நீரில் மூழ்கிக் கிடக்கும். தொழிலாளிக்குக் கூலி இல்லை. அக்காலத்தைக் கழிக்கக் கடன் வாங்கி, பருவம் தொடங்கியபின் கூலியிற் கழிப்பது பல குடும்பங்களின் நிலைமை. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது இதனை முன்னிட்டே. மூன்று மாத ஜீவனத்துக்கு அத்தொகை போதாதென்பது வெளிப்படை.

ஆனால் உப்பு இல்லாத அம்மாதங்களிலேதான் வடதேசத்துப் பறவைகள் கழுவேலிக்கு வரத் தொடங்குகின்றன. ஆகவே கோடையில் உப்பளத்தையும், மழை ஓய்ந்த குளிர்நாட்களில் பறவைகளையும் காட்டும்படி பிரயாணத்தை இரு வகையாக அமைத்தால், வழிகாட்டும் வேலை தொழிலாளிக்குக் கூலியற்ற காலத்தில் ஓரளவு கைகொடுக்கும். உப்பு வாரும் ஸ்திரீகளும் இவ்வேலைக்கு முற்றும் தகுதியுடையவர்கள். தங்கள் தொழிலை அவர்களினும் நன்றாக விளக்க வல்லவர் யார்? இவ்வருமானம் கூலிக்கு ஈடாகாது. எனினும் கடனின் பளுவைச் சிறிது குறைக்கும்.

இதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை:

1. வழிகாட்டியின் ஊதியத்தைப் பஞ்சாயத்தார் முன்னதாக நிர்ணயித்து, அது தொழிலாளி கையிலேயே சேரச் செய்தல் வேண்டும். உப்பளத்தில் நுழையக் குத்தகைதாரரின் அனுமதியும், சரணாலயத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதியும் பெற வேண்டும்.

2. விளையும் பாத்தியில் கால் வைத்தலாகாது. ஒருவர் மிதித்த சேறு பல நாள் உழைப்பின் வெண்மையைக் கெடுக்கும்.

3. வேலை செய்வோரை அவர் சம்மதமின்றிப் படம் எடுத்தலாகாது.

4. உப்பளப் பகுதியில் நல்ல குடிநீர் அரிது. வருவோர் தமக்கு வேண்டிய நீரைக் கொண்டுவருதலும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுதலும் கடமை.

5. உணவு, உப்பு, கருவாடு முதலியவற்றை அவ்வூர்க் கடைகளிலேயே விலை கொடுத்து வாங்க வேண்டும்.

6. ஒரு வேளைக்கு ஒரு சிறு கூட்டத்துக்கு மேல் அனுமதித்தலாகாது. மழைநாட்களில் கழிகளில் இறங்குதல் ஆபத்து.

இவற்றுக்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. வழிகாட்டப் பழகிய நாலைந்து பேரும், உட்கார ஒரு கீற்றுக் கொட்டகையும், ஒரு கழிப்பிடமும் இருந்தால் தொடங்கலாம். அக்கொட்டகையின் நிழலும் கழிப்பிடமும், விருந்தினர் வராத நாட்களில் உப்பளத் தொழிலாளருக்கே உதவும்.