ஊசி போட்ட பிறகுதான் வேலை

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். வரப்பில் நடக்கும்போதோ வைக்கோலைப் புரட்டும்போதோ கடிபட்டவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கூட வந்தவர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: “சிஸ்டர், சீக்கிரம் ஊசி போடுங்க!”

சிஸ்டர் உடனே போடமாட்டார். போடவும் கூடாது. கடித்தது சாரையாக இருக்கலாம். விஷப் பாம்பே கடித்திருந்தாலும் விஷம் இறங்காமல் போயிருக்கலாம். அதனால் முதலில் 2 மில்லி ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழாய் காய்ந்திருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. ரத்தத்தை உறையத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். அது கெட்டுவிட்டால் நல்ல ரத்தமும் உறையாது, தேவையே இல்லாத ஒருவருக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) ஏறிவிடும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷயத்தில் இந்தக் குழாய் உதவாது. அவற்றின் விஷம் நரம்பைத் தாக்கும். இமை தொங்குகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுவிரியன் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலியும் தெரியாது, பல் பதிந்த தடமும் பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் ‘வயிறு வலிக்குது’ என்று வருபவரின் இமையைக் கவனிக்கத் தோன்றுவது அனுபவத்தில் வருவது.

மருந்து கொடுப்பதென்று டாக்டர் முடிவெடுத்த பிறகும் அவசரம் ஆகாது. பொடியாக இருக்கும் மருந்தில் குப்பிக்கு 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு, மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். முறிக்க வேண்டியது பாம்பு இறக்கிய விஷத்தை. உடலின் எடை இங்கே கணக்கில் வராது. எல்லா மருந்தையும் எடை பார்த்தே குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகிய நர்ஸுக்கு இது முதலில் கை நடுங்கும் இடம்.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்தை எடுக்கிறார்கள். குதிரையின் புரதத்தை மனித உடல் எளிதில் ஏற்காது. இலங்கையில் 1,007 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்தது. அதில் 89 சதவீதம் முதல் ஒரு மணி நேரத்துக்குள்.

ஆக, டிரிப்பை ஓடவிட்ட பிறகுதான் நர்ஸின் வேலை தொடங்குகிறது. அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, இருமல் என்று எது தலைகாட்டினாலும் டிரிப்பை நிறுத்தித் தொடையில் அட்ரினலினைப் போட வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நர்ஸிங் மாணவிகள் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். இந்த ஐந்தும் சரியாக இருந்தும் நோயாளியை இழக்கலாம், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால். இரவு டியூட்டியில் ஒரே ஒரு நர்ஸை வைத்துவிட்டு ‘கவனமாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்புவதால் பயன் எதுவும் இல்லை.

இந்தக் கவனம் பாம்புக்கடிக்கு மட்டும் போதாது. வில்லியனூர்ப் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. இதுபோன்ற மையங்களில் தினமும் வந்துபோவது சர்க்கரை நோய். இந்தியாவில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வீரியத்தில் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! தெருக்கோடி மருந்துக் கடையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மூடியின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? எனவே, “சாப்பிட்டாச்சாம்மா?” என்று கேட்கும் நர்ஸ், “வீட்டுல இருக்கிற ஊசியையும் மருந்தையும் எடுத்துட்டு வாங்க” என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்தால் நேரும் தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்புகளை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இலக்கு வைத்தது. இந்தியாவில் மருந்தின் பக்கவிளைவுகளை நர்ஸும் தெரிவிக்கலாம், நோயாளியும் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. ஆனால் எழுதினால் நம் தலையில்தான் விழும் என்ற பயம் போகாதவரை பக்கவிளைவைத் தெரிவிக்கும் படிவங்கள் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும்.

திரும்பவும் பாம்புக்கடிக்கு வருவோம். கடிபட்டவருக்கு மருந்து ஏறி 6 மணி நேரம் கழித்து அதே கண்ணாடிக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். உறைவுப் பொருள்களைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் டியூட்டி மாறியிருக்கும், இல்லையென்றால் 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் கூடப் போகும் சீட்டில் ‘ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. கடித்த நேரம், ரத்தம் எடுத்த நேரம், எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு ஏறி முடிந்தது, அட்ரினலின் போட்டார்களா, சிறுநீர் எந்த நிறத்தில் எவ்வளவு போனது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.