சூரிய மின்சாரமும் ஸ்தல ஸ்தாபனங்களும்: கலிபோர்னியாவின் 7-ஆவது பிரேரணை

ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத பிரதேசம். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, ஜனாதிபதி தேர்தலுடன் கூடவே, அந்த ராஜ்யத்து வாக்காளர்கள் மின்சாரத்தைப் பற்றிய ஒரு சட்ட மசோதாவுக்கும் வாக்களித்தனர். 2025-ஆம் ஆண்டுக்குள் ராஜ்யத்தில் விற்பனையாகும் மின்சாரத்தில் பாதியை வெயில், காற்று, பூமியின் உட்சூடு போன்ற வற்றாத மூலங்களிலிருந்தே பெற வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய நல்ல நோக்கமுள்ள மசோதாவை நிலக்கரி வியாபாரிகள் எதிர்த்திருந்தால் வியப்பில்லை. ஆனால் நகரசபைகளும், நகர மக்களுக்கே சொந்தமான மின்சார ஸ்தாபனங்களும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களுங்கூட எதிர்த்தன. ஏன் எதிர்த்தன என்பது ஆராயத் தக்கது. மின்சார நிலையம் எங்கோ ஓரிடத்தில் நிலத்தின்மேல் நிற்க வேண்டியிருப்பதால், அந்த இடத்து மக்களின் கேள்வி எந்த நாட்டிலும் எழக்கூடியதே.

முதலில் முறையைக் கூறுவோம். கலிபோர்னியாவில் 1911-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களே சட்டம் முன்மொழியும் உரிமை உண்டு. முந்திய கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதத்துக்குச் சமமான கையொப்பங்களைத் திரட்டினால், சட்டசபையின் தயவின்றியே ஒரு மசோதாவை வாக்காளர் முன் வைக்கலாம். அவ்வாறு வந்ததுதான் 7-ஆவது பிரேரணை. நம் நாட்டில் இதற்கு நேரான ஏற்பாடு கிடையாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ், ராஜ்ய ஒழுங்குமுறைக் கமிஷன்கள் வற்றாத மூலங்களிலிருந்து இத்தனை பங்கு வாங்க வேண்டும் என விதிப்பதையே ஓரளவு ஒப்பிடலாம்.

அப்பொழுதே கலிபோர்னியாவில் இத்தகைய சட்டம் ஒன்று அமலில் இருந்தது. 2002-இல் இயற்றப்பட்டு 2006-இல் திருத்தப்பட்ட அச்சட்டம், 2010-ஆம் ஆண்டுக்குள் 20 சதவீதம் என்ற இலக்கைத் தனியார் மின்சாரக் கம்பெனிகளுக்கு விதித்தது. நகரங்களுக்குச் சொந்தமான மின்சார ஸ்தாபனங்கள் தம் இலக்கைத் தாமே வகுத்துக்கொள்ள விடப்பட்டன. புதிய பிரேரணை 2010-இல் 20, 2020-இல் 40, 2025-இல் 50 சதவீதம் எனப் படிகளை ஏற்றிற்று; அத்துடன் நகர ஸ்தாபனங்களையும் அதே வளையத்துக்குள் இழுத்தது. இங்கேதான் முதல் மனத்தாங்கல் பிறந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர், மின்சார இலாகா அமெரிக்காவிலேயே மிகப் பெரிய நகர மின்சார ஸ்தாபனம். சாக்ரமென்டோவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாக சபையே மின்சாரத்தை நடத்துகிறது. அந்த ஊர் மக்கள் 1989-இல் வாக்களித்துத் தங்கள் அணுமின் நிலையத்தையே மூடச் செய்தவர்கள். அதன் பக்கத்திலேயே 1984 முதல் சூரிய மின்பலகைகளை நிறுவி நடத்திவந்தவர்கள். இத்தகையோர், "எங்கள் மின்சாரத்துக்கு நாங்களே எஜமானர், கட்டணம் ஏறினால் எங்களைத்தான் ஊரார் கேட்பார்கள், வேகத்தை மட்டும் வேறொருவர் நிர்ணயிப்பதா?" என்று கேட்டதில் நியாயம் உண்டு. எனினும் இந்த வாதத்தை முழுவதும் பொதுநலம் என்றே கொள்வதற்கில்லை. அந்நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் தன் மின்சாரத்தில் பாதியை நெருங்கிய பங்கை யூட்டா, அரிஸோனா ராஜ்யங்களிலிருந்த நிலக்கரி நிலையங்களிலிருந்து பெற்றுவந்தது. புகை அயலூரில், வெளிச்சம் தன் ஊரில் என்ற வசதியைக் கைவிட எவருக்கும் சற்றுத் தயக்கம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது மனத்தாங்கல் நிலத்தைப் பற்றியது, அதுவே ஆழமானது. இதை விளங்கிக்கொள்ள ஒரு விஞ்ஞான வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். வெயிலிலிருந்து மின்சாரம் பெற இரு வழிகள் உள்ளன. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் சுழலியைச் சுற்றுவது ஒன்று. ஸிலிக்கன் பலகையில் ஒளி பட்டவுடன் நேரே மின்னோட்டம் எழச் செய்வது மற்றொன்று. முன்னதில் வெப்ப யந்திரம் உண்டு. பின்னதில் சுழலும் பாகமே இல்லை. 1974-இல் கலிபோர்னியாவில் ஏற்பட்ட சட்டம், 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள வெப்ப மின் நிலையங்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை ராஜ்ய சக்திக் கமிஷனிடம் ஒப்படைத்தது. வெப்பம் என்ற அந்த ஒரு சொல்லின் பயனாக, கண்ணாடி நிலையத்துக்குக் கமிஷனிடமும், ஸிலிக்கன் பலகை நிலையத்துக்கும் காற்றாலைக்கும் ஸ்தல ஸ்தாபனத்திடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை உண்டாயிற்று. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒரே வெயிலில் நிற்கும் இரு நிலையங்களுக்கு இருவேறு வாசல்கள்!

7-ஆவது பிரேரணை இந்த வாசல்களை ஒன்றாக்க முற்பட்டது. 30 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களுக்குக் கமிஷனே அனுமதி தரலாம். அதுவும் விரைவாகத் தர வேண்டும் என்றது. ஸிலிக்கன் பலகைகளுக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 5 முதல் 10 ஏக்கர் நிலம் தேவை. ஆகவே 30 மெகாவாட் என்பது குறைந்தபட்சம் 150 ஏக்கர். நூறு மெகாவாட்டுகளாகக் கணக்கிட்டால் ஒரு கிராமத்தின் எல்லையையே மாற்றிவிடும் பரப்பு. இந்த நிலையங்கள் வரவிருந்த இடம் பெரும்பாலும் பாலைவனக் கவுண்டிகள். (கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற பிரிவு, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையால் ஆளப்படுவது.) அவற்றில் ஸான் பெர்னார்டினோ ஒன்றே பரப்பில் நமது கேரளத்தைவிடப் பெரியது. நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பதே அந்தச் சபைகளின் தலையாய வேலை. அது போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

வருமானமும் இதிலே கலந்திருந்தது. சாதாரணமாக ஒரு தொழிற்சாலை வந்தால் சொத்து வரி வரும். ஆனால் கலிபோர்னியச் சட்டப்படி புதிதாக நிறுவப்படும் சூரிய சக்திச் சாதனங்களின் மதிப்பு சொத்து வரிக் கணக்கில் சேர்வதில்லை. சாலை தேய்வதும், தூசி எழுவதும், தீயணைப்புப் படை வைப்பதும் கவுண்டியின் பொறுப்பு, வரியோ சொற்பம். ரிவர்ஸைடு கவுண்டி 2011-இல் பெரிய சூரிய நிலையங்களுக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுக் கட்டணம் விதித்ததும், தொழில் துறையினர் வழக்காடியதும், பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதும் இந்தக் குறையிலிருந்து விளைந்தவையே.

பிரேரணையின் வாசகத்திலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. சூரிய நிலையம் என்பதற்கு 30 மெகாவாட் என்ற அளவைக் கூறிய விதம், அதற்குக் குறைந்த சிறு நிலையங்களை இலக்குக் கணக்கிலிருந்தே விலக்கிவிடும் என்று எதிர்ப்பாளர் வாதித்தனர். அது நோக்கமல்ல என்று ஆதரவாளர் மறுத்தனர். சட்டத்தில் ஐயத்துக்கிடமான ஒரு சொற்றொடர் இருந்தால், அதைச் சட்டசபையில் விவாதத்தின்போது திருத்தலாம். கையொப்பம் திரட்டிய பின் வாக்குச்சீட்டில் ஏறும் மசோதாவிலோ ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. முழுவதையும் ஏற்க வேண்டும். அன்றேல் முழுவதையும் தள்ள வேண்டும். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களை எதிரணியில் சேர்த்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

ஆதரவாளர் பக்கத்தையும் கூறாவிட்டால் நியாயமாகாது. ஒரு கவுண்டியில் ஒரு விதி, அடுத்த கவுண்டியில் வேறு விதி என்றிருந்தால் ஆண்டுகள் வீணாகும். மின்கம்பிப் பாதைகளோ பல கவுண்டிகளைக் கடந்து செல்ல வேண்டியவை. எல்லா ஊரும் அடுத்த ஊரைக் கைகாட்டினால் நிலையம் எங்கே எழும் என்றனர். 2010-ஆம் ஆண்டுக்கு வைத்த 20 சதவீத இலக்கைப் பெரிய தனியார் கம்பெனிகள் உரிய காலத்தில் எட்டவில்லை என்பது பின்னால் தெரிந்தபோது, இந்த வாதம் வெறும் பேச்சல்ல என்பது புலனாயிற்று. பணபலமோ மறுபுறம் இருந்தது. பிரேரணைக்குப் பொருளுதவி செய்தவர் முக்கியமாகப் பீட்டர் ஸ்பெர்லிங் என்ற தனவந்தர் ஒருவரே. எதிர்ப்புக்கோ பெரிய தனியார் மின்சாரக் கம்பெனிகள் அவரைவிடப் பன்மடங்கு பணத்தைக் கொட்டின. நகரசபைகள் தம் சுயாட்சிக்காகப் பேசிய பேச்சு, கம்பெனிகளின் விளம்பரத்தோடு கலந்தே வாக்காளர் காதில் விழுந்தது.

முடிவில் நூற்றுக்கு 64 பேருக்கு மேல் மறுத்து வாக்களிக்க, பிரேரணை தோற்றது.

தோற்றது பிரேரணைதான், அதன் எண்கள் அல்ல. 2011-இல் சட்டசபையே 2020-ஆம் ஆண்டுக்கு 33 சதவீதம் என்று விதித்தது. அப்போது நகர மின்சார ஸ்தாபனங்களும் இலக்குக்கு உட்பட்டன. ஆனால் அதை நிறைவேற்றும் திட்டத்தைத் தத்தம் நிர்வாக சபைகளே வகுக்கலாம் என்ற சலுகையுடன். 2015-இல் இலக்கு 2030-க்கு 50 சதவீதமாகவும், 2018-இல் அதே 2030-க்கு 60 சதவீதமாகவும் உயர்ந்தது. 2008-ஐ அடுத்த ஆண்டுகளில் ஸிலிக்கன் பலகைகளின் விலை சரிந்தது இந்தத் துணிவுக்கு முக்கிய காரணம் எனலாம்.

நிலத்தின் கேள்வி மட்டும் தீரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி 2015-இல் நகர எல்லைகளுக்கு வெளியேயுள்ள தன் பகுதிகளில் பெரிய காற்றாலைகளைத் தடை செய்தது. ஸான் பெர்னார்டினோ 2019-இல், கிராமப்புறக் குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் பெரிய சூரிய நிலையங்கள் கூடாது என்றது. வடக்கே ஷாஸ்டா கவுண்டி 2021-இல் ஒரு காற்றாலைத் திட்டத்தை நிராகரித்தது.

இந்த நிலையில், 2022 ஜூன் மாதம், 7-ஆவது பிரேரணையின் மிகக் கசப்பான அம்சம் வேறு உருவில் திரும்பி வந்தது. 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள ஸிலிக்கன் பலகை நிலையங்களும் காற்றாலைகளும் விரும்பினால் கவுண்டியை நாடாமல் நேரே சக்திக் கமிஷனிடம் அனுமதி பெறலாம் என்று சட்டசபை சட்டம் செய்தது. விண்ணப்பம் பூர்த்தியானபின் 270 நாட்களில் முடிவு கூற வேண்டும் என்பது விதி. கவுண்டிகளின் எதிர்ப்பு இம்முறை பலிக்கவில்லை. எனினும் அவற்றைச் சமாதானப்படுத்தும் பிரிவுகள் சேர்க்கப்பட்டன: நிலையத்தால் ஸ்தல ஸ்தாபனத்துக்கு நிகர லாபம் உண்டு எனக் காட்ட வேண்டும், ஊர் நன்மைக்கான ஒப்பந்தம் ஒன்றையும் செய்துகொள்ள வேண்டும்.

ஷாஸ்டா நிராகரித்த காற்றாலைத் திட்டம் இந்தப் புதிய வாசலைத் தட்டிற்று. கவுண்டி விடாமல் போராடியது. 2025 மார்ச் மாதத்தில் கமிஷனின் அலுவலர்களே அனுமதி மறுக்குமாறு பரிந்துரைத்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் பிரஸ்னோ கவுண்டியில் 1,150 மெகாவாட் சூரிய நிலையம் ஒன்றுக்குக் கமிஷன் அனுமதி அளித்தது. புதிய வழியில் முதன்முதல் தேறியது இதுவே. அதன் பலகைகளுக்கென ஒதுக்கப்பட்டது, வடிகால் கெட்டு உப்பேறி, பாசனம் கைவிடப்பட்ட விவசாய நிலம்.