தம்புள்ளை விளையாட்டரங்கும் முன்னுரிமைகளின் அரசியலும்

விளையாட்டரங்குகள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ‘வேண்டுமா, வேண்டாமா?’ என்ற வினாவுடன் நின்றுவிடுகின்றன. யாருடைய பணத்தில், யாருடைய தீர்மானத்தின்படி, எத்தேவைகளைப் பின்தள்ளி அவை எழுகின்றன என்பதே ஆராயத்தக்க வினாவாகும். இவ்வகையில் மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை நல்லதோர் உதாரணமாகும்.

ரங்கிரி தம்புள்ளை சர்வதேசக் கிரிக்கெட் மைதானம், விகாரையிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்ட 60 ஏக்கர் நிலத்தில் 167 நாட்களில் அமைக்கப்பட்டது. 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் அங்கு முதலாவது சர்வதேச ஒருநாள் ஆட்டத்தை ஆடின. 2010 ஆசியக் கிண்ணப் போட்டிகள் அனைத்தும் அங்கேயே நடைபெற்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் வரண்ட வலயத்தில் ஆடலாம் என்பது அதனை அமைத்தமைக்குக் கூறப்பட்ட நியாயம். தலைநகருக்கு வெளியே ஓர் அரங்கு எழுந்தமையும் வரவேற்கத்தக்கதே. இவற்றை மறுப்பது நமது நோக்கமன்று.

‘இது கிரிக்கெட் சபையின் வருமானம், மக்களின் வரிப்பணமன்று’ என்பர் சிலர். இவ்வாதம் மேலோட்டமானது. அச்சபை 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவது. நாட்டின் பெயரால் அணியொன்றைக் களமிறக்கும் ஏகபோக உரிமை இருப்பதனாலேயே தொலைக்காட்சி உரிமைகளை அதனால் விற்க முடிகிறது. எனவே அவ்வருமானம் சாராம்சத்தில் பொதுச் சொத்தாகும். 2011 உலகக் கிண்ணத்தின் பின்னர் இவ்வுண்மை வெளிப்படையாயிற்று. சூரியவெவ முதலிய இடங்களில் அரங்குகளை எழுப்பிய சபை கடனில் மூழ்கி, அரசின் உதவியை நாடியது. வீரர்களுக்கே மாதக்கணக்கில் ஊதியம் தடைப்பட்டது. இலாபம் வரும்போது தனியான நிறுவனம். நட்டம் வரும்போது தேசத்தின் சுமை என்பதே இதன் தர்க்கம்.

இதே மாவட்டத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், தம்புள்ளையூடாகவே மாத்தளைக்கு நடந்து வந்தனர். 2023 இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அவ்வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அவர்களுட் பலர் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். 2017 இல் மலையகத்துக்கென இந்தியா மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. அத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 2024 இல். அரங்கு எழுந்த 167 நாட்களுடன் இவ்வேழு ஆண்டுகளை ஒப்பிடுதல் தகும். நிதி வந்த வழி வேறு என்பது உண்மையே. ஆயினும் விளம்பரமும் ஒளிபரப்பும் இலாபந்தரும் இடத்தில் நிலமும் அனுமதியும் விரைந்து கிடைக்கின்றன. உழைப்போர் குடியிருப்பென்றதும் நிலவுரிமையே தீராப் பிரச்சினையாகிறது. முன்னுரிமை என்பது நிர்வாகக் கணக்கன்று, வர்க்க உறவின் வெளிப்பாடு என்பது இதனாற் புலனாகும்.

ஆதலின் அரங்குகளை இடிக்குமாறு நாம் கோரவில்லை. பொதுவுரிமையிலிருந்து பிறக்கும் வருமானம் மக்கள் பிரதிநிதிகளின் மேற்பார்வைக்கு உட்படல் வேண்டும். பெருந்திட்டங்கள் தொடங்குமுன் அவ்வப்பகுதி மக்களின் தேவைகள் நிரைப்படுத்தப்படல் வேண்டும். அந்நிரலில் தோட்டத் தொழிலாளரின் வீடும் நிலமும் எங்கு நிற்கின்றன என்பதைக் கொண்டே இந்நாட்டின் அபிவிருத்தியை மதிப்பிடுதல் பொருத்தமாகும்.