புதிய சோலர் பெற்றரியைப் பழக்குவதும் பராமரிப்பதும்

எல்ல பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் மூடுபனியும் அதிகம். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் மின்சாரம் நின்றாலும் விளக்கும் கைத்தொலைபேசியும் இயங்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே பெற்றரியைக் கவனமாகப் பாவியுங்கள்.

முதல் மாதம்: பொருத்தியதும் முழுமையாகச் சார்ஜ் ஏறவிட்டே பாவியுங்கள். புதிய பெற்றரி முழு வலுவுக்கு வரச் சில வாரங்கள் எடுக்கும். அதுவரை விளக்குக்கும் தொலைபேசிக்கும் மட்டும் பாவியுங்கள்; தொலைக்காட்சி வேண்டாம்.

எப்போதும்: பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பாவனையை நிறுத்திச் சில மணி நேரத்தின் பின் மீற்றர் 12.7 வோல்ற்று காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து பெற்றரி பழுதாகும். மழை நாட்களில் பாவனையைக் குறையுங்கள்.

தண்ணீர்: மூடி கழற்றும் வகையானால் மாதமொருமுறை பாருங்கள். சார்ஜ் ஏறிய பின், காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கூடாது. அமிலம் ஊற்றவே வேண்டாம்.

பாதுகாப்பு: சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளியாகும். அடுப்படியில் வைக்காதீர்கள், குப்பி விளக்கைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். சிறுவர்களுக்கு எட்டாத, காற்றோட்டமான இடமே நல்லது.

அவசரத்துக்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.