சொந்தப் பாட்டுக்குத் துணிந்தவர்கள்

ஹெவி மெட்டலுக்குப் பங்காளி முறையான ஹார்டு ராக்கை வாசிக்க 1984-ல் மும்பையில் உருவான குழு ராக் மெஷின். தொடக்கத்தில் அவர்களும் வெளிநாட்டுக் குழுக்களின் பாடல்களைத்தான் மேடையேற்றினார்கள். கல்லூரி விழாக் கூட்டமும், தெரிந்த பாட்டு வந்தால்தான் துள்ளும். அந்தக் கைதட்டலோடு நின்றிருந்தால் இன்று அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 1988-ல் சொந்தப் பாடல்களோடு ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’ ஆல்பத்தைக் கொண்டுவந்ததுதான், என் கணக்கில், அவர்களுடைய உண்மையான பிறப்பு.

ஆங்கிலத்தில் பாடினால் அதுவும் நகல்தானே என்பார்கள். பாதி நியாயம்தான்: நீள முடி, கிதாரின் உறுமல் எல்லாமே இரவல். ஆனால் இரவல் மெட்டைத் திரும்ப வாசிப்பது வேறு, இரவல் கருவியில் சொந்த மெட்டுக் கட்டுவது வேறு. உதய் பெனகல் பாடிய அந்தக் குழு 1993-ல் இண்டஸ் கிரீட் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிக் குழுக்களே, அடுத்த விழாவில் ஒரு பாட்டையாவது சொந்தமாகப் போட்டுப் பாருங்கள்.