பச்சோந்திக்கு ஒரு கூண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

பச்சோந்தி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மரம் அன்று, மேடைதான். கட்சி மாறியவரைத் திட்டுவதற்கு இவ்வளவு பயன்பட்ட உயிர் தமிழில் வேறொன்று இருக்க முடியாது. அந்த உயிரைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகக் குறைவு. வேலியில் தலையாட்டும் ஓணானின் கழுத்து சிவந்தவுடன் அதனையே பச்சோந்தி என்று சொல்லிக் கல்லெறிகிற பிள்ளைகளை எங்கள் ஊரில் இன்றும் காணலாம். ஓணான் ஓடும், பச்சோந்தி நடக்கும், அதுவும் காற்றிலாடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து. ஓணானின் விரல்கள் விரிந்திருக்கும்; பச்சோந்தியின் விரல்களோ இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். வேறுபாடு அறிய இவ்வளவு போதும்.

உலகில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்பவை. நம் நாட்டில் இருப்பது ஒரே இனம். அதன் விலங்கியல் பெயர் கமீலியோ சைலானிக்கஸ். இதனைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனால் அமெரிக்காவிலும் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளிலும் பச்சோந்தி வளர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் மிகுதியாக வளர்ப்பது ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளிலும் இயற்கையாக வாழும் கமீலியோ கேலிப்ட்ராட்டஸ் என்னும் இனம். தலைமேல் கோபுரம்போல் ஓர் எலும்பு முகடு இருப்பதால் அதனை எளிதில் அடையாளம் காணலாம். அதற்கு எப்படிக் கூண்டு அமைக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நமக்கு ஏன் இது என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு விலங்கின் உடலை அறிய அறுத்துப் பார்ப்பது ஒரு வழி. நமக்கு முன் படித்தவர்கள் அப்படித்தான் படித்தார்கள். அது உயிரோடிருக்க என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்ப்பது மற்றொரு வழி. ஃபார்மலின் புட்டியில் நிறமிழந்து வெளுத்துக் கிடக்கும் பச்சோந்தி சொல்லாத செய்திகளைக் கூண்டுக் கணக்கு சொல்கிறது.

முதலில் உயரம். முயலுக்கும் நாய்க்கும் தரையின் பரப்பை அளப்போம். பச்சோந்திக்குத் தரை வேண்டாதது. அதன் உலகம் மேல்நோக்கி இருக்கிறது. வளர்ந்த ஆண் ஒன்றுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம் என்பது இன்று வளர்ப்போர் ஏற்றுக்கொண்ட குறைந்த அளவு. கூண்டையும் தரையில் வைப்பதில்லை. மேசைமேல் ஏற்றி, உள்ளே உட்காரும் கிளை மனிதனின் கண்மட்டத்திற்கு மேலே இருக்குமாறு அமைப்பர். பருந்தும் பாம்பும் மேலிருந்து வருவதை அறிந்த உயிர் அது. தன்னைவிட உயரத்திலிருந்து ஒரு முகம் குனிந்து பார்த்தால், அன்புடன் பார்த்தாலும் சரி, அதற்கு அது பகைதான். அதன் உடல் கருத்துவிடும்.

இங்கே நிறமாற்றத்தைப் பற்றி ஒரு சொல். சுற்றுப்புறத்திற்கு ஏற்பப் பச்சோந்தி நிறம் மாறும் என்பது பெரும்பாலும் நம் கற்பனை. அச்சம், சினம், இணை நாட்டம், குளிர், வெப்பம் ஆகியவையே நிறத்தை மாற்றுகின்றன. தோலின் சில செல்களில் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன; அவற்றின் இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் எதிரொளிக்கும் ஒளி மாறுகிறது. இதனை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியில் கண்டு வெளியிட்டனர். ஆகவே கூண்டிலுள்ள பச்சோந்தியின் நிறம் அதன் நலத்தைக் காட்டும் நாடி. மேடைப் பேச்சாளர்கள் மன்னிக்க வேண்டும். அது உள்ளதை மறைப்பதற்கு நிறம் மாறவில்லை, உள்ளதைச் சொல்லத்தான் மாறுகிறது.

இனிச் சுவர். மீன் தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் காற்று தேங்கும், ஈரம் தங்கும், மூச்சுக்குழல் நோய் வரும். கண்ணாடியில் தன் உருவமே தெரிய, எதிரி நிற்பதாக எண்ணி நாள் முழுதும் சீறிக்கொண்டிருக்கவும் கூடும். எனவே பிளாஸ்டிக் பூசிய கம்பி வலையால் சுவர் அமைப்பதே பெருவழக்கு. குளிர்நாட்டில் வலைக்கூண்டு சூட்டைத் தக்கவைக்காது என்பதால் ஜெர்மனியில் பலர் கண்ணாடியையே விரும்புகின்றனர். ஆனால் கீழே முன்பக்கம் ஒரு வலைத்திறப்பும் மேலே முழுவதும் வலையும் வைக்கின்றனர். சூடான காற்று மேலே போகக் கீழிருந்து புதுக்காற்று நுழைகிறது. அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கும் முறைதான். ஆட்டுக்குக் கொட்டில் போடும்போது என் தந்தையார் முதலில் பார்ப்பது காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதைத்தான். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் காற்று நின்றால் சளி பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆட்டின் நுரையீரலும் பச்சோந்தியின் நுரையீரலும் இந்த ஒன்றில் வேறுபடவில்லை.

தண்ணீரில்தான் புதிதாக வளர்ப்போர் தடுமாறுகின்றனர். கிண்ணத்தில் தெளிந்த நீர் வைத்தால் பச்சோந்தி அதனைத் திரும்பிப் பார்ப்பது அரிது. தேங்கிய நீரை நீராக அது பெரும்பாலும் அறிவதில்லை. இலையில் பனித்துளி மின்ன வேண்டும். துளி உருள வேண்டும். அப்போதுதான் நக்கிக் குடிக்கும். ஆகவே காலையிலும் இரவிலும் நுண்துளியாக நீர் தெளிக்கின்றனர். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் மேலே ஒரு கலம் வைத்துச் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழச் செய்வோரும் உண்டு. விழுந்த நீர் அடியில் தேங்காமல் வடிய வழி வேண்டும். இரவில் ஈரம், பகலில் உலர்வு. ஏமன் மலைச்சரிவில் இரவு மூடுபனி இறங்கிப் பகலில் வெயில் காய்வதன் நகல் இது.

வெப்பத்திற்கு ஒரு விளக்கு போதும். ஆனால் அது வலைக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும். உள்ளே தொங்கவிட்டால் பச்சோந்தி அதன்மேலேயே ஏறி உடல் வெந்துபோகும். விளக்கின் கீழுள்ள கிளையில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். கூண்டின் அடியில் 22 முதல் 25 வரை. மேலேறிக் காய்வதும் இறங்கி ஆறுவதும் அதன் விருப்பம். உடலுக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ளாத உயிருக்கு இந்த ஏற்ற இறக்கமே உலை. இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும். குளிர்ச்சி அதற்கு ஓய்வு. குளிரில் வேட்டையாடுமா என்ற ஐயம் எழும். இதே ஏமன் இனத்தை வைத்து 2010இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, குளிரிலும் நாக்கை எய்யும் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை என்றும், திரும்ப இழுக்கும் வேகம் வெகுவாகக் குறைந்தது என்றும் தெரிந்தது. எய்வது வில்போல் இழுத்துச் சேமித்த விசை. இழுப்பது தசையின் உழைப்பு. தசை குளிருக்குச் சோம்பும், வில் சோம்பாது.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத தேவை ஒன்று உண்டு. பச்சோந்தியின் தோலில் வைட்டமின் டி உருவாக, பி வகைப் புற ஊதாக்கதிர் வேண்டும். அந்த வைட்டமின் இல்லாவிடில் உண்ட கால்சியம் எலும்பில் சேராது. கால் வளையும், தாடை இரப்பர்போல் மென்மையாகும், எய்த நாக்கு திரும்பாமல் தொங்கும். சன்னலோரம் வெயிலில்தானே வைத்திருந்தேன் என்று வளர்த்தவர் வியப்பார். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். இந்தக் கதிரை விடாது. முன்பெல்லாம் கூண்டில் அடைத்த பச்சோந்திகள் சில மாதங்களில் மடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். இன்று இதற்கெனத் தனிக் குழல்விளக்கு இருக்கிறது. அதிலும் ஒரு சூது: ஓராண்டு எரிந்தபின் விளக்கு முன்போலவே பளிச்சென்று இருக்கும், அதன் புற ஊதாக்கதிர் மட்டும் தேய்ந்திருக்கும். நம் கண்ணை நம்பினால் விலங்கு நோயுறும். அதனால் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கை மாற்றுகின்றனர்.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். உணவில் வைட்டமின் டி குறைவாகப் பெற்ற மடகாஸ்கர் பச்சோந்திகள் புற ஊதா ஒளியைத் தேடிச் சென்று மிகுதியாகக் காய்ந்தன. நிறையப் பெற்றவை அந்த ஒளியைக் குறைத்துக்கொண்டன. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. கூண்டு அமைப்பவர் செய்ய வேண்டியது, வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே தேர்ந்தெடுக்க அதற்கு இடம் விடுவதே.

அதனால்தான் செடிகள். மணிபிளாண்ட், செம்பருத்தி, ஆலின் இனமான ஃபைகஸ் ஆகியவற்றைத் தொட்டியோடு உள்ளே வைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பலவகைப் பருமனில் கிளைகளைக் கட்டுகின்றனர். ஒளிந்துகொள்ள இலை இல்லாத பச்சோந்தி ஓயாத அச்சத்தில் மெலிந்துபோகும். ஏமன் இனம் இலையும் தின்னும். பூச்சிமருந்து அடித்த செடி ஆகாது. உணவுக்குச் சில்வண்டும் புழுவும், கால்சியப் பொடி தூவியபடி. தின்னாமல் விட்ட சில்வண்டை இரவில் அகற்றிவிட வேண்டும்; உறங்கும் பச்சோந்தியை அது கடிக்கும். அடித்தளம் வெறுந்தரையாக இருப்பதே நலம். மரத்தூளும் கூழாங்கல்லும் நாவில் ஒட்டி வயிற்றுக்குள் போகும்.

பெண்ணுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஏமன் இனத்துப் பெண் ஆணோடு சேராமலே முட்டை வைக்கும். ஒரு முறைக்கு ஐம்பதுக்கு மேலும் இருக்கலாம். அதற்கு ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டி வேண்டும். தோண்டிப் பார்த்து மனத்துக்குப் பிடிக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்துக்கொண்டு அது இறந்துபோகும். கூண்டு அமைத்தவர் மறந்துபோன ஒரு மணல்தொட்டியின் விலை அது. ஒரு கூண்டுக்கு ஓர் உயிர் என்பதும் கண்டிப்பான விதி. துணைக்கு இன்னொன்று என்று நாம் இரங்குவது மனித இரக்கம். பச்சோந்திக்குத் துணை என்பது தொல்லை.

கூண்டைத் திறந்து வெளியே விட்டாலும் கேடு வருவதுண்டு. 1972இல் ஹவாய்த் தீவுக்கு விலங்கு வணிகர் ஒருவர் கென்யாவிலிருந்து மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். பயணத்தில் மெலிந்திருந்தவற்றைத் தேறட்டும் என்று தம் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, பரவின, அத்தீவுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் இன்றளவும் தின்றுகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் அயல்நாட்டுப் பச்சோந்தி வைத்திருப்பவரும் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அதனைப் பதிவு செய்ய வேண்டும்.

நம் பச்சோந்திக்கு இத்தனை விளக்கும் குழலும் வேண்டியதில்லை. ஒரு வேலமரம் போதும். அதற்குப் பெரிய இடர் சாலைதான். மழைக்காலத்தில் தார்ச்சாலையைக் கடக்கும் பச்சோந்தியை யாரேனும் கண்டால் கையால் பிடிக்க வேண்டாம். சீறும், கடிக்கவும் செய்யும், ஆனால் நஞ்சு கிடையாது. ஒரு குச்சியை அதன்முன் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது எந்தத் திசை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து மரத்தில் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.